இறைச்சியின் பதமும் உண்பாரின் விருப்பமும்

மேலைநாட்டு உணவுச்சாலை ஒன்றிலே மாட்டிறைச்சித் துண்டமாகிய ஸ்டேக் வேண்டுமென்று கேட்பவரைப் பரிமாறுபவர் உடனே எதிர்வினா ஒன்று கேட்பார். எந்தப் பதத்தில் வேண்டும் என்பதே அவ்வினா. மீனுக்கோ கோழிக்கோ பெரும்பாலும் இவ்வினா எழுவதில்லை. உட்புறம் சிவந்திருக்கும்படி வாட்டிக் கொடுப்பதா, இளஞ்சிவப்பாகும்வரை விடுவதா, சாம்பல்நிறம் முற்றும் படரும்வரை வேகவைப்பதா என்பதை உண்பவரே தீர்மானித்தல் வேண்டும். தீர்மானித்த பின்னரும் அவர் தப்பிவிடுவதில்லை. அவர் கூறிய விடையைக் கொண்டே அவருடைய சுவையறிவைப் பக்கத்து மேசைக்காரர் அளந்துவிடுவர். சிலவேளை அவருடைய பண்பையும் சேர்த்தே அளப்பர்.

நேயர்களுட் பலர் மாட்டிறைச்சியைத் தீண்டாதவர்கள் என்பதை அறிவேன். ஆயினும் இச்சிறு வினாவினுள் மொழி வரலாறும் இரசாயனவியலும் ஓர் அநீதியும் அடங்கியிருத்தலால், உண்ணாதவரும் இதனைக் கேட்டறிதல் தகும்.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். குறைவாக வெந்த இறைச்சியை ஆங்கிலேயர் 'றெயர்' என்பர். அரிதானது என்று பொருள்படும் மற்றைய 'றெயர்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. பழைய ஆங்கிலத்தில் அரைவேக்காட்டு முட்டையைக் குறிக்க வழங்கிய சொல்லொன்றே உருத்திரிந்து பின்னர் இறைச்சிக்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் இன்னும் வெளிப்படையானவர். நெருப்பை மட்டும் காட்டி எடுத்ததை 'நீலம்' என்றும், அதற்கடுத்ததை 'குருதி கசிவது' என்றும் அவர்கள் கூசாமற் கூறுவர். அதற்கு மேற்பட்டதே 'ஆ புவான்', அதாவது சரியான பதம். இறுதியிலுள்ளது 'நன்கு வெந்தது'. பிரெஞ்சு எழுத்தாளர் றோலன் பார்த் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மித்தோலொஜி' என்னும் கட்டுரைத் தொகுதியிலே ஸ்டேக்குக்கெனத் தனிக் கட்டுரையொன்று எழுதியுள்ளார். சரியான பதம் என்ற பெயர் நிறைவைச் சுட்டுவதிலும், அதற்கப்பாற் போகலாகாது என்ற எல்லையையே சுட்டுகின்றது என்பது அவர் கருத்து. ஒரு சமையற் சொல்லிலிருந்து ஒரு சமுதாயத்தின் மனப்பாங்கை அவர் வாசித்தெடுக்கும் முறை கூர்மையானது.

இனி, நெருப்பின்மேல் நிகழ்வது யாது என்று காண்போம். இறைச்சி என்பது பெரும்பகுதி நீர். அந்நீரைத் தம்முள் தாங்கி நிற்பன புரத இழைகள். உட்புற வெப்பநிலை 50 பாகை செல்சியசை அணுகும்போது மயோசின் என்னும் புரதம் உறையத் தொடங்கும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பச்சை இறைச்சி அப்போது மங்கிச் சற்றே இறுகும். 55 பாகையை ஒட்டிய நிலையே பலர் போற்றும் இடைப்பதம். 60 பாகையைத் தாண்டும்போது இழைகளைப் பொதிந்திருக்கும் கொலாசன் உறைகள் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல உள்ளிருக்கும் சாற்றை வெளியேற்றும். 70 பாகைக்கு மேல் துண்டம் விறைத்து உலரும்.

அவ்வாறாயின் நெடுநேரம் வெந்த குழம்பிறைச்சி மட்டும் எங்ஙனம் மென்மையாகின்றது? அதே கொலாசன் பல மணிநேரம் வெப்பத்திற் கிடந்தால் உருகிப் பசைத்தன்மை பெறும். அதுவே வாய்க்கு மென்மையாகத் தோன்றுவது. ஆனால் ஸ்டேக்குக்குத் தெரிந்தெடுக்கப்படுவன, விலங்கு அதிகம் உழைக்காத முதுகுப்புறத் தசைகள். அவற்றில் உருகுதற்குரிய கொலாசன் குறைவு. அடுப்பில் அவை இருக்கும் நேரமும் சில நிமிடங்களே. ஆகவே மிகை வெப்பத்தின் தீமை முழுவதும் அவற்றுக்கு உண்டு. நெடுநேர வேக்காட்டின் நன்மையோ இல்லை. குறைந்த பதத்தை விரும்புவோர் பக்கத்தில் உள்ள நியாயம் இதுவே.

தட்டிற் கசியும் செந்நிற நீரைக் குருதியென்று கருதி அருவருப்பவர் உளர். அது குருதியன்று. விலங்கை வெட்டும்போதே குருதியின் பெரும்பகுதி வடிந்துவிடும். எஞ்சிய நிறம், தசைக்குள் ஒட்சிசனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதத்தினுடையது. இதனுடைய முப்பரிமாண அமைப்பை யோன் கென்றூ என்னும் ஆங்கில அறிஞர் 1958ஆம் ஆண்டில் வெளியிட்டார். புரதம் ஒன்றின் வடிவம் மனிதர் கண்ணுக்குப் புலப்பட்டது அதுவே முதன்முறை. அதற்கென மக்ஸ் பெரூற்ஸ் என்பவருடன் 1962இல் நோபல் பரிசும் பெற்றார். உணவுச்சாலையில் முகஞ்சுளிக்க வைக்கும் செந்நீருக்கு இத்துணைப் பெருமையும் உண்டு. இப்புரதம் ஏறத்தாழ 60 முதல் 70 பாகைக்குள் குலைவதனாலேயே சிவப்பு மாறிச் சாம்பல் படர்கின்றது.

வெளிப்புறத்துப் பழுப்பு நிறம் வேறு கதை. அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கடும் வெப்பத்திற் கூடி நிறமும் மணமும் தருவதை லூயி கமீல் மையார் என்னும் பிரெஞ்சுக்காரர் 1912இல் விளக்கினார். இது விரைந்து நிகழ 140 பாகையளவு வெப்பம் வேண்டும். ஈரமிருக்கும் பரப்போ 100 பாகையைத் தாண்டாது. எனவேதான் துண்டத்தைத் துணியால் ஒற்றி உலர்த்திய பின்னரே சட்டியில் இடுவர். மேற்பரப்பைச் சுட்டு அடைத்துவிட்டால் சாறு உள்ளேயே நிற்கும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. ஜேர்மனிய இரசாயன அறிஞர் யுஸ்ரஸ் வொன் லீபிக் 1847இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவியது அது. 1930களில் அமெரிக்காவில் நிறுத்துப் பார்த்துச் செய்த சோதனைகள் அதனைப் பொய்யாக்கின. எனினும் சமையற்காரர் வாயில் அது இன்றும் உயிரோடிருக்கின்றது. பேரறிஞர் சொன்ன பிழை எளிதில் இறப்பதில்லைபோலும்!

விருப்பத்தைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. இத்தாலியின் புளோரன்சு நகரத்து ஸ்டேக் பல விரற்கடைத் தடிப்புடையது. கரித்தணலில் வாட்டி உள்ளே சிவப்பாகவே பரிமாறப்படும். அங்கே போய் முற்றாக வேகவைத்துத் தருமாறு கேட்பவர் சமையற்காரரின் சினத்துக்கு ஆளாவர். ஆனால் இறைச்சிக்குப் பேர்போன ஆர்ஜென்ரீனாவிலே, மெல்லிய தணலில் நெடுநேரம் வாட்டி, உள்ளே சிவப்பு நீங்கும்வரை வேகவைத்து உண்பவர் பலர். அவர்களைச் சுவையறியாதவர் என்று கூற யாருக்குத் துணிவுண்டு?

அப்படியிருந்தும் முழுவேக்காடு கேட்பவர்மீது ஏளனம் நிலவுகின்றது. ஏளனத்தோடு நின்றிருந்தால் நானும் இதைப் பொருட்படுத்தியிரேன். நியூயோர்க் சமையற்காரரான அந்தோனி போர்டெயின் 1999இல் 'த நியூயோர்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையிலும், 2000இல் வெளிவந்த தம் நூலிலும் சமையற்கட்டு வழக்கம் ஒன்றை வெளியிட்டார். நரம்போடியதும் பழையதுமான கடைத்துண்டம் ஒன்று அகப்பட்டால், முழுவேக்காடு கேட்கும் வாடிக்கையாளருக்கென அதனை ஒதுக்கிவைப்பார்களாம். நன்றாக வெந்தபின் நல்லதற்கும் தீயதற்கும் வேற்றுமை தெரியாது என்பது அவர்கள் கணக்கு. அவ்வாடிக்கையாளரோ மற்றையோர் கொடுக்கும் விலையையே கொடுக்கின்றார். இதனைத் தொழிற் சாமர்த்தியம் என்று சிரித்துவிட்டுப் போவோர் உளர். என் மனம் அதற்கு இசையவில்லை. ஒருவரின் நாவை இகழ்வது அநாகரிகம். அந்த இகழ்ச்சியைக் காரணமாக்கி அவருடைய பணத்துக்குக் குறைந்த பொருளைக் கொடுப்பது களவு.

விருப்பம் என்று விட்டுவிட முடியாத எல்லை ஒன்றும் உண்டு. வெட்டும்போது தோலிலிருந்தும் குடலிலிருந்தும் ஒட்டும் தீய பற்றீரியாக்கள் முழுத் துண்டத்தின் மேற்பரப்பிலேயே தங்கும். சட்டியின் சூடு அவற்றைக் கொன்றுவிடும். உட்புறம் சிவந்திருந்தாலும் அபாயம் சிறிது. இறைச்சியை அரைத்துவிட்டாலோ மேற்பரப்பு என்பதே இல்லாமற் போய், வெளியே இருந்தது உள்ளெங்கும் கலந்துவிடுகின்றது. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலே போதிய அளவு வேகாத ஹம்பேர்கர்களை உண்டு 700 பேருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு பிள்ளைகள் இறந்தனர். ஈ. கோலி ஓ157 என்னும் பற்றீரியாவே காரணம். சிறுவரிடத்து அது சிறுநீரகத்தையே தாக்கிச் செயலிழக்கச் செய்யும். இதனாலேயே அந்நாட்டு விவசாயத் திணைக்களம் முழுத் துண்டத்துக்கு 63 பாகையும் மூன்று நிமிட ஓய்வும் போதுமென்றும், அரைத்த இறைச்சிக்கு 71 பாகை வேண்டுமென்றும் வேறுபடுத்தி விதித்துள்ளது. மென்மையாக்கும் பொருட்டு ஊசிகளாற் குத்திய துண்டமும் ஐயத்திற்குரியதே. ஊசி செல்லுமிடமெல்லாம் கிருமியும் செல்லும். நாடாப்புழுவின் குடம்பிப்பைகளும் சில ஒட்டுண்ணிகளும் தசைக்குள்ளேயே தங்கக்கூடியவை. ஆதலின் இறைச்சிப் பரிசோதனை ஒழுங்காக நடைபெறாத இடங்களிலும், கர்ப்பிணிகளுக்கும் முழுவேக்காடே தக்கது. நிறத்தைப் பார்த்து முடிவுகட்டுதலும் கூடாது. அரைத்த இறைச்சி சிலவேளை உரிய வெப்பத்தை அடையுமுன்னரே பழுப்பாகிவிடும். வெப்பமானியே நம்பத்தக்க சாட்சி.

ஒரே வீட்டில் இருவர் இருவேறு பதம் கேட்டால் என்ன செய்வது? சிவப்பாக வேண்டுபவருக்குத் தடித்த துண்டையும், முழுவேக்காடு வேண்டுபவருக்கு நல்ல துண்டையே குறுக்காகப் பிளந்து விரித்ததையும் இடலாம். மெல்லியது உட்புறம்வரை விரைந்து வெந்துவிடும். அதிக நேரம் கிடந்து உலர்ந்துபோகவும் மாட்டாது. தடித்ததை வேண்டிய வெப்பத்துக்குச் சில பாகை குறைவாக இருக்கும்போதே இறக்கிவிடல் வேண்டும். வெளிப்புறத்துச் சூடு உள்ளே பரவி மீதியை நிறைவேற்றிவிடும். சில நிமிடம் ஆறவிட்டுப் பின் வெட்டினால் தட்டிற் சிந்தும் சாறும் குறையும், இரு தட்டுகளும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும்.