திரைப்படப் பிழைகள்: வழு, வழுவமைதி, பாடவேறுபாடு

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் காணப்படும் பிழைகளைக் கண்டெடுத்துத் தொகுப்பது பார்வையாளரிடையே பரவலாக நிலவும் வழக்கம். இத்தொகுப்புகள் பெரும்பாலும் பிழையைச் சுட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அப்பிழை தயாரிப்பின் எக்கட்டத்தில் நுழைந்தது, அறிந்தே விடப்பட்டதா, படத்தின் எந்தப் பிரதியில் காணப்படுகிறது என்னும் வினாக்களுக்கு விடை காணும்போதுதான் அது ஆய்வுக்குரிய சான்றாகிறது. தமிழ் இலக்கண மரபின் வழு, வழுவமைதி என்னும் பாகுபாட்டையும், சுவடிப் பதிப்பியலின் பாடவேறுபாடு என்னும் கருத்தையும் துணைக்கொண்டு இக்கட்டுரை திரைப்படப் பிழைகளை வகைப்படுத்தி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திரைப்படப் பிழை, காட்சித் தொடர்ச்சி, படத்தொகுப்பு, வழுவமைதி, காலமுரண், பாடவேறுபாடு

முன்னுரை

1990ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிரெட்டி உமன்’ என்னும் அமெரிக்கப் படத்தின் காலையுணவுக் காட்சியில் கதைத்தலைவி குரோசான் என்னும் பிறைவடிவ ரொட்டியை உண்கிறாள். அடுத்த ஷாட்டில் அவள் கையில் இருப்பது பான்கேக். 1959இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தின் உணவகக் காட்சியில், துப்பாக்கி வெடிப்பதற்குச் சற்று முன்பே பின்னணியில் அமர்ந்துள்ள சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொள்கிறான். 1994இல் வெளிவந்த ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில், சுடப்படுவதற்கு முன்பே சுவரில் குண்டுத் துளைகள் தெரிகின்றன.

இவை திரைப்படச் சுவைஞர் பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றைக் கவனக்குறைவு என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. ஆயினும், ஒவ்வொன்றும் படம் உருவான முறைக்கு ஒரு தடயமாக அமைந்திருப்பதைக் காணலாம். சிறுவனின் செயல், அவன் அவ்வெடியோசையை ஒத்திகையிலோ முந்தைய டேக்குகளிலோ கேட்டுப் பழகியிருந்தான் என்பதை உணர்த்துகிறது. சுவரின் துளைகள், கதையில் பின்னர் நிகழும் சூட்டிற்கான ஏற்பாடு முன்பே செய்யப்பட்டுவிட்டதைக் காட்டுகின்றன. திரையில் கதையின் காலம் ஓடுகிறது. அதனடியில் படப்பிடிப்பின் காலம் மறைந்து கிடக்கிறது. பிழை என்பது அவ்விரண்டாவது காலம் வெளித்தெரியும் இடமாகும்.

வழுவும் வழுவமைதியும்

வழுவாமல் நிற்பதை வழாநிலை எனவும், இலக்கணத்தினின்று பிறழ்வதை வழு எனவும், பிறழ்ந்தும் தக்க காரணம் பற்றி ஏற்கப்படுவதை வழுவமைதி எனவும் தமிழ் இலக்கணிகள் பகுத்தனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும். உவப்பின் மிகுதியால் ஒருவர் தம் பசுவைத் தாயென உயர்திணையாற் கூறின், அது திணைவழு ஆயினும் அமைதி பெறுகிறது. இங்குப் பிறழ்ச்சி நிகழ்ந்ததை இலக்கணி மறுக்கவில்லை. பிறழ்ச்சிக்குரிய காரணத்தை வினவுகிறார்.

திரைப்படப் பிழைகளை ஆராய்வோர்க்கும் இவ்வினா இன்றியமையாதது. ஒரு பொருத்தமின்மை எவரும் காணாமல் நுழைந்ததாயின் அது வழு. கண்டும், அதனினும் பெரிய பயன் கருதி விடப்பட்டதாயின் அது வழுவமைதி. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் ஒரே பெயரால் அடக்குவது பொருந்தாது.

காட்சித் தொடர்ச்சி பிறழும் விதம்

கதை நிகழும் வரிசையில் படம் பிடிக்கப்படுவதில்லை. ஓர் இடத்தில் நிகழும் காட்சிகள் யாவும், கதையில் எங்கெங்கு வரினும், ஒருங்கே எடுக்கப்படுகின்றன. ஒரே உரையாடல் முதலில் தொலைவிலிருந்து முழுமையாகவும், பின்னர் ஒவ்வொரு நடிகரின் அண்மைக் காட்சியாகவும் எடுக்கப்படும். ஒவ்வொன்றிற்கும் பல டேக்குகள் உண்டு. திரையில் இரண்டு நிமிடம் ஓடும் உரையாடலைப் படமாக்க ஒரு பகல் முழுவதும் செல்லலாம். இதற்கிடையே மெழுகுவர்த்தி உருகும், கோப்பையின் நீர்மட்டம் மாறும், கூந்தல் கலையும். இவற்றைக் குறித்துவைத்து ஒன்றுபடுத்துதற்கெனவே ஹாலிவுட்டில் தனியொரு பணியாளர் உள்ளார். தமிழ்த் திரையுலகில் பெரும்பாலும் உதவி இயக்குநர் ஒருவர் ‘கன்டின்யூட்டி’ என்னும் பெயரால் இப்பணியைச் செய்கிறார்.

1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில், டோரதி சோளக்கொல்லைப் பொம்மையைச் சந்திக்கும் காட்சியில் அவளுடைய பின்னலின் நீளம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது. அப்படத்தின் முதல் இயக்குநர் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டார். அவர் எடுத்தவை கைவிடப்பட்டன. டோரதியின் ஒப்பனையும் மாற்றப்பட்டது. பின்னரும் இயக்குநர்கள் மாறினர். இத்தகைய வரலாறுடைய படத்தில் கூந்தலின் நீளம் ஒன்றுபடாமை வியப்பிற்குரியதன்று.

அறிந்தே விடப்படும் பிறழ்ச்சி

தொடர்ச்சிப் பிழைகள் பல படத்தொகுப்பாளரின் கண்ணுக்குத் தப்பியவை அல்ல. ஒரே சட்டகத்தைப் பன்முறை நோக்கும் அவர், பார்வையாளருக்கு முன்பே அவற்றைக் காண வாய்ப்புடையவர். மார்ட்டின் ஸ்கார்செஸியின் படங்களைத் தொகுத்துவரும் தெல்மா ஸ்கூன்மேக்கர், பொருள்களின் பொருத்தத்தைவிட நடிப்பின் சிறப்பையே தாம் முதன்மையாகக் கொள்வதாகக் கூறியுள்ளார். சிறந்த நடிப்பு ஐந்தாம் டேக்கிலும், கோப்பையின் சரியான நீர்மட்டம் இரண்டாம் டேக்கிலும் இருப்பின் அவர் ஐந்தாவதையே தேர்வார்.

இத்தேர்வுக்கு வால்டர் மர்ச் ஓர் அளவுகோலை வகுத்துள்ளார். நல்ல வெட்டுக்கு அவர் கூறும் ஆறு இயல்புகளுள் உணர்ச்சிக்கு 51 விழுக்காடும், கதைக்கு 23 விழுக்காடும், தாளத்திற்கு 10 விழுக்காடும் தருகிறார். பார்வையாளரின் கண்செல்லும் திசைக்கு 7, திரையின் இருபரிமாண ஒழுங்கிற்கு 5 எனத் தந்தபின், இடத்தின் முப்பரிமாணத் தொடர்ச்சிக்கு எஞ்சும் 4 விழுக்காட்டையே ஒதுக்குகிறார். யார் எங்கே நிற்கிறார் என்பது பொருந்தாவிடினும் உணர்ச்சி பொருந்தவேண்டும் என்பதே இதன் கருத்து. உவப்பின் பொருட்டுத் திணைவழுவை ஏற்ற இலக்கணியின் நெறியும் இதுவே.

பார்வையாளரின் இயல்பும் இத்தேர்வுக்குத் துணைநிற்கிறது. உளவியலாளர்களான டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இரு பெண்கள் உணவு மேசையில் உரையாடும் குறும்படம் ஒன்றைப் பயன்படுத்தினர். ஒருத்தியின் கழுத்துத்துணி மறைவது, தட்டுகளின் நிறம் மாறுவது என ஒன்பது மாற்றங்கள் அதில் வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருந்தன. முதன்முறை பார்த்த பத்துப் பேரில் ஒருவர் மட்டுமே ஏதோ மாறியதாகக் கூறினார். மாற்றங்களைத் தேடும்படி சொல்லி மீண்டும் காட்டியபோதும் சராசரியாக இரண்டே கண்டறியப்பட்டன. மனித மனம் முகத்தையும் பேச்சையும் பின்தொடர்கிறது, தட்டைப் பின்தொடர்வதில்லை. பிழை தேடுவோர் கதையினின்று கண்ணை விலக்கிப் பார்ப்பதாலேயே அவற்றைக் காண்கின்றனர்.

வழுவெனத் தோன்றிக் கதையின் பொருளாகவே அமைவனவும் உள. ஸ்கூன்மேக்கர் தொகுத்த ‘ஷட்டர் ஐலண்ட்’ (2010) படத்தில் மனநோயாளிப் பெண் நீர் அருந்தும் ஷாட் ஒன்றில் அவள் கையில் கோப்பையே இல்லை. உள்ளதையும் இல்லதையும் பிரித்தறிய இயலாத ஒருவனின் பார்வையில் அக்கதை நிகழ்வதால், இதனைப் பிழைப்பட்டியலிற் சேர்ப்பது பொருந்தாது. மாறாக, ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் கதைத்தலைவனுக்குப் பின்னுள்ள நாற்காலி மறைவது குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. படத்தினுள் உறுதியான சான்று கிட்டாதவிடத்து, இயக்குநரின் புகழைக்கொண்டு வழுவமைதி கற்பித்தல் ஆய்வு நெறியாகாது.

காலமுரணும் செய்திப் பிழையும்

கதை நிகழும் காலத்திற்கு ஒவ்வாத பொருள் இடம்பெறுவது காலமுரண். இதிலும் இருவகை உண்டு. முதலாவது, படப்பிடிப்புத் தளத்தின் பொருள் தவறிப்போய்ச் சட்டகத்துள் நிற்பது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் 2019 மே 5 அன்று ஒளிபரப்பான பகுதியில், இடைக்காலச் சாயலுடைய விருந்து மேசையில் காகிதக் காபிக் கோப்பை தெரிந்தது இவ்வகையினது. உலகெங்கும் நகைப்பிற்கு இடமானதேயன்றி, இதனால் எவருடைய அறிவும் பிறழவில்லை.

இரண்டாவது வகை படப்பிடிப்புக்கு முன்பே, கதையமைப்பிலும் உடையமைப்பிலும் நுழைவது. 1995இல் வெளிவந்த ‘பிரேவ்ஹார்ட்’ இதற்குத் தக்க சான்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழும் அக்கதையில் ஸ்காட்லாந்து வீரர்கள் அணியும் இடைத்துணி, ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின்னரே அங்கு வழக்கிற்கு வந்தது. இதனினும் கேடானது, 1297இல் நிகழ்ந்த ஸ்டிர்லிங் பாலப் போர் பாலமே இன்றித் திறந்தவெளியில் காட்டப்படுவதாகும். குறுகிய அப்பாலத்தின் வழியே ஆங்கிலப் படையினர் சிறிது சிறிதாகவே கடக்க முடிந்தது. அவ்வாறு கடந்த பகுதியினரைத் தாக்கியே வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் வென்றனர். பாலத்தை நீக்கியபோது வெற்றியின் காரணமே நீங்கிவிட்டது. காகிதக் கோப்பையை யாவரும் கண்டனர். பாலம் இல்லாமையை வரலாறு அறிந்தோரே கண்டனர். எளிதில் புலப்படும் பிழை தீங்கற்றதாகவும், புலப்படாத பிழை தீங்குடையதாகவும் அமைதலை இங்குக் காண்கிறோம்.

தமிழ் வரலாற்றுப் படங்களுக்கும் இது பொருந்தும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) மேடை நாடகமாக நடிக்கப்பட்டுப் பின்னர்ப் படமானது. அதன் அரசவை பெரும் மாளிகையாகக் காட்சி தருகிறது. 1799இல் வீழ்ந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ மண்கோட்டை. அரசவையைப் பெருமிதத்தோடு காட்டுதல் நாடக மேடையின் மரபாதலின், கலைநோக்கில் இது வழுவமைதி எனத்தகும். ஆயினும் அம்மண்சுவர்களைக்கொண்டே ஒரு பாளையக்காரர் கும்பினியாரை எதிர்த்தார் என்னும் செய்தியின் அருமை அம்மாளிகைக்குப் பின் மறைந்துவிடுவதையும் ஆய்வாளர் குறிக்க வேண்டும்.

பிரதியால் தோன்றும் பிழை

சில பிழைகள் படத்தில் இல்லை, பிரதியிலேயே உள்ளன. அகலத்திரைக்கென எடுக்கப்படும் படங்கள் சிலவற்றில் படச்சுருளின் சட்டகத்தில் மேலும் கீழும் கூடுதற்பகுதி பதிவாகியிருக்கும்; திரையிடும்போது அது மறைக்கப்படும். பழைய தொலைக்காட்சியின் சதுரப்பாங்கான திரைக்கு மாற்றியபோது அப்பகுதியும் வெளிப்பட்டது. ‘பீ-வீஸ் பிக் அட்வெஞ்சர்’ (1985) படத்தில் நாயகன் தன் மிதிவண்டிப் பெட்டியிலிருந்து முடிவில்லாத சங்கிலியை இழுக்கிறான். திரையரங்கில் அது நகைச்சுவை. ஒளிநாடாப் பிரதியிலோ பெட்டியின் அடித்துளை வழியே சங்கிலி ஏறிவருவது தெரிந்து நகைச்சுவையே கெட்டது. சட்டகத்தின் மேல்விளிம்பில் தொங்கும் ஒலிவாங்கிகள் பலவும் இத்தகையவே. ஏடு பெயர்த்தெழுதியவரின் பிழையைப் புலவர் தலையிற் சுமத்துவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இவற்றை இயக்குநர் மேல் ஏற்றுவதும்.

திருத்தமும் மூலமும்

எண்மத் தொழில்நுட்பம் வெளிவந்த படத்தையும் திருத்த இடமளிக்கிறது. ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ (1981) படத்தில் நாயகனுக்கும் நாகத்திற்கும் இடையே இருந்த கண்ணாடித் தடுப்பின் பிரதிபலிப்பு பிற்காலக் குறுவட்டில் நீக்கப்பட்டது. ‘டைட்டானிக்’ (1997) படத்தின் இரவுவானம் 1912 ஏப்ரல் 15ஆம் நாளுக்குரியதன்று என வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் சுட்டிக்காட்டியதன் பேரில், 2012 முப்பரிமாண வெளியீட்டில் ஜேம்ஸ் கேமரன் விண்மீன்களைத் திருத்தியமைத்தார். மேற்கூறிய காபிக் கோப்பையும் சில நாள்களுக்குள் இணையப் பிரதியினின்று நீக்கப்பட்டது. ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தில் வீரன் ஒருவன் கதவில் தலை இடித்துக்கொள்ளும் பிழைக்கோ, 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் மோதலோசை சேர்க்கப்பட்டது. நீக்கப்படாமல் அது போற்றப்பட்டது.

சுவடி பதிப்பித்தோர் பாடத்தைத் திருத்தும்போது மூலத்தில் இருந்ததை அடிக்குறிப்பில் காட்டினர். திரைப்படத் திருத்தங்களுக்கு அத்தகைய அடிக்குறிப்பு இல்லை. புதிய பிரதி பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பழையது எளிதிற் கிடைப்பதும் அரிதாகிறது. இந்நிலையில், இன்ன ஆண்டுப் பிரதியில் இன்ன நிமிடத்தில் இது காணப்பட்டது எனக் குறித்துவைக்கும் பார்வையாளரின் பட்டியலே பாடவேறுபாட்டுக் குறிப்பாகப் பயன்படுகிறது. பிரதியைக் குறிக்காத பட்டியலுக்கு இப்பயன் இல்லை.

படப்பிடிப்புச் செய்திகளும் கட்டுக்கதைகளும்

பிழைகளோடு சேர்ந்தே படப்பிடிப்பு பற்றிய துணுக்குகளும் பரவுகின்றன. ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ குறித்த இரு செய்திகளை ஒப்பிடலாம். தகர மனிதனாக நடிக்கவிருந்த பட்டி எப்சன் அலுமினியத் தூள் ஒப்பனையால் நோயுற்று மருத்துவமனையிற் சேர்ந்தார். ஜாக் ஹேலி அவ்வேடத்தை ஏற்றபோது தூளுக்கு மாற்றாகப் பசை பயன்படுத்தப்பட்டது. இது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. அதே படத்தின் காட்டுக்காட்சியில் பின்னணியில் ஒரு மனிதர் தூக்கில் தொங்குவது தெரிகிறது என்பது மற்றொன்று. மங்கலான ஒளிநாடாப் பிரதிகளால் பரவிய இக்கதை, தெளிவாக மீட்டெடுக்கப்பட்ட பிரதியில் சிறகு விரிக்கும் பெரிய பறவை தெரிந்ததும் பொய்யாயிற்று. முன்னதற்குப் பெயரும் நிகழ்வும் அதன் விளைவும் உண்டு. பின்னதற்கு மங்கலான நிழலன்றி வேறு சான்றில்லை.

முடிவுரை

திரைப்படப் பிழையைப் பதிவுசெய்வோர் அதனோடு மூன்றனைக் குறித்தல் வேண்டும்: அது காணப்படும் பிரதியும் நேரமும்; தயாரிப்பில் அது நுழைந்திருக்கக்கூடிய கட்டம்; அது விடப்பட்டமைக்குப் படத்தினுள்ளோ வெளியிலோ கிடைக்கும் காரணம். இம்மூன்றும் உடைய பட்டியல், பலருடைய உழைப்பால் உருவாகும் ஒரு கலையின் செயல்முறைக்குச் சான்றாகும். பழந்தமிழ்ப் படங்கள் பல அழிந்தும், எஞ்சியவை தேய்ந்த பிரதிகளாகவும், வெட்டப்பட்ட தொலைக்காட்சி வடிவங்களாகவும் கிடைக்கும் இன்றைய நிலையில், பிரதி ஒப்பிடும் இப்பழக்கத்தை அப்படங்களிலிருந்தே தொடங்குவது தமிழ்த் திரைப்பட ஆய்வுக்குப் பெரிதும் பயன்படும்.