உங்களுக்குத் தெரியுமா? இல்லாத பள்ளமும் பொல்லாத பயமும்

ஒன்றரை அங்குல உயரப் பலகை விளிம்பில் நின்றால் நெஞ்சு படபடக்குமா? படபடக்கும். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை இது, 2002-ல் வெளியானது. மெய்நிகர் காட்சி காட்டும் ஹெட்செட் மாட்டியவர்களின் கண்ணுக்கு முன்னால் ஆழமான பள்ளம். நிஜத்தில் வெறும் சமதரை. ஆனாலும் இதயத் துடிப்பு எகிறியது. காலடியில் அந்தப் பலகையை வைத்ததும் இன்னும் கூடியது. சாரத்தில் ஏறப்போகிற கட்டிடத் தொழிலாளிக்கு, சேஃப்டி பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இப்படித் தரையிலேயே காட்டிவிடலாம். பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது, ஒரு தடவை ‘விழுந்து’ பார்த்தால் ஏறும்.

இதே வகையில் தன்பாத் ஐஐடியில் மெய்நிகர் சுரங்கம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிம்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்தது. சுரங்கத்துக்குள் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதை உயிருக்குப் பயமில்லாமல் பழகலாம்.

நிஜப் பொருளின் மேலேயே படம் விழுவதுபோல் காட்டும் உத்தி விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. விமானத்துக்கு வயர் கட்டும் தொழிலாளி, அடிக்கடி வரைபடத்தைத் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்யட்டும் என்று போயிங்கின் டாம் காடெல், டேவிட் மைசல் இருவரும் 1992-ல் முன்வைத்தது.

ஜேசிபி கை பட்டுக் குடிநீர்க் குழாய் பீய்ச்சியடிப்பது திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் பார்க்காத காட்சியா? தோண்டுமுன் தகவல் சொல்லும் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியை 2023 மார்ச் 22-ல் பிரதமர் தொடங்கிவைத்தார். கேபிள்கள் அறுபடுவதால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்பது அரசு சொன்ன கணக்கு. இதற்கு அடுத்த படி, நிஜத்தின் மேல் படம் காட்டும் அந்த உத்தி, அதாவது கலப்பு மெய்ம்மை: டேப்லெட்டைச் சாலைக்கு நேராகப் பிடித்தால், தாருக்குக் கீழே தண்ணீர்க் குழாய் நீலக் கோடாகவும் மின்கேபிள் சிவப்புக் கோடாகவும் ஓடும். ஆனால் பஞ்சாயத்து வைத்திருக்கும் வரைபடம் ஓரடி தப்பினால் திரையும் ஓரடி தப்பும். அதனால் குழாய் புதைக்கும் அன்றே அதன் இடத்தையும் ஆழத்தையும் அளந்து வைக்க வேண்டும்; மூடிய பிறகு தேடுவது வீண் செலவு.

திரையைப் பார்த்தே வேலை செய்வது இதே மாவட்டத்தில் ஏற்கெனவே நடக்கிறது. 2025 மே 2-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தில், கன்டெய்னர் யார்டு கிரேன்களை மேலேறி உட்கார்ந்து ஓட்டுவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் கேமராப் படத்தைப் பார்த்தே இயக்குகிறார்கள். அவர்களில் அந்தக் கடற்கரை ஊர்ப் பெண்களும் உண்டு.

அதே மாவட்டத்தின் பெருங்கடவிளை பிளாக்கில் இருக்கும் மலைக் கிராமம் அம்பூரி. 2001 நவம்பர் 9, ஐப்பசி மழை. மலை சரிந்து நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக உயிர்கள் போயின. இன்று விமானத்திலோ ட்ரோனிலோ இருந்து லேசர் கதிர் பாய்ச்சினால், அதில் கொஞ்சம் ரப்பர் இலைச் சந்துகளின் வழியே நுழைந்து மண்ணைத் தொட்டுத் திரும்பும். கணினியில் மரங்களை நீக்கிவிட்டால் மலையின் மேனி தெரியும்: மழை வடியும் ஓடை எது, அதை அடைத்த மண்மேடு எது, வீட்டுக்காகச் சரிவை வெட்டிய இடம் எது என்று. மூணாறில் 2009-லேயே அமிர்தா பல்கலைக்கழகம் மண்ணுக்குள் சென்சார் பதித்து, ஈர அழுத்தத்தையும் அசைவையும் கவனிக்கத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்தால், அடிவாரத்து வீட்டுக்காரர் தன் முற்றத்திலேயே நின்று, சரிந்தால் சேறு எந்த வழியாக வரும், எந்தப் பக்கம் ஓடித் தப்பலாம் என்று ஹெட்செட்டில் பார்க்கலாம். சிவப்பும் மஞ்சளும் பூசிய அபாய வரைபடம் பொறியாளருக்குப் புரியும். ரப்பர் வெட்டப் போகிறவருக்குத் தன் வீடும் தன் ஓடையும் தெரிந்தால்தான் புரியும். இதை முதலில் காட்ட வேண்டிய இடம் அம்பூரி கிராம சபை, அதுவும் ஐப்பசிக்கு முன்னால்.