நியமன உறுப்பினரும் சட்ட ஆக்கமும்: சென்னைச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி (1926–1930)

முன்னுரை

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் (1886–1968) பெயர் அவ்வை இல்லத்தோடும் அடையாறு புற்றுநோய் நிலையத்தோடும் இணைத்தே இன்று பெரிதும் நினைக்கப்படுகிறது. சென்னை மாகாணச் சட்டசபையில் அவர் பணியாற்றியது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே. அக்குறுகிய காலத்தில் தேவதாசி முறைக்கு எதிராக அவர் மேற்கொண்ட சட்ட முயற்சியின் படிநிலைகளையும் அதன் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அவைக்குள் வந்த வழி

பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை முடிவு செய்யும் பொறுப்பை 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணச் சட்டசபைகளிடம் விட்டது. சென்னை மாகாணம் 1921இல் அவ்வுரிமையை வழங்கியது. எனினும், சொத்துத் தகுதி வாக்காளராவதற்கு அடிப்படையாக இருந்தமையால் மிகச் சிலரே பயன்பெற்றனர். 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாய் தோல்வியுற்றார். முத்துலட்சுமி ரெட்டி அரசின் நியமனத்தால் உறுப்பினரானார். 1927இல் அவையின் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொகுதியோ கட்சியோ பின்புலமாக இல்லாத நியமன உறுப்பினர், தம் மசோதாவுக்குரிய ஆதரவை அவைக்குள் வாதத்தால் மட்டுமே திரட்ட வேண்டியிருந்தது.

நிலத்திலிருந்து தொடங்கிய சட்டம்

சிறுமியரைப் பரத்தமைக்கு ஒப்படைப்பதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 ஆகிய பிரிவுகள் முன்னரே குற்றமாக்கியிருந்தன. ஆயினும், பொட்டுக்கட்டுதல் சமயச் சடங்காக நடைபெற்றதால் அதன் உள்நோக்கத்தை மெய்ப்பித்தல் அரிதாயிற்று. மேலும், அம்முறை நீடித்ததற்குப் பொருளியல் காரணமும் இருந்தது. கோயில் பணிக்காக வழங்கப்பட்ட இனாம் நிலத்தை, அப்பணி தொடரும் வரையில்தான் குடும்பம் அனுபவிக்க இயலும். எனவே நிலத்தைக் காக்கத் தலைமுறைதோறும் ஒரு பெண்ணைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் நிலை உருவாயிற்று. இந்நிலையில் தடை மட்டும் விதித்திருந்தால், அக்குடும்பங்கள் நிலத்தையும் இழந்திருக்கும்.

1927இல் இம்முறையை ஒழிக்கச் சட்டமியற்றுமாறு அரசுக்குப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். அதனையடுத்து, இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் மசோதா அவரால் முன்வைக்கப்பட்டு 1929இல் சட்டமாயிற்று. கோயில் பணி என்னும் நிபந்தனையிலிருந்து இனாம் நிலத்தை விடுவிக்க அச்சட்டம் வழிசெய்தது. அதாவது, அர்ப்பணத்தைத் தடை செய்வதற்கு முன்னரே, அதனைக் கட்டாயமாக்கிய சொத்துப் பிணைப்பு அறுக்கப்பட்டது. இவ்வரிசைமுறையே அவரது சட்டப் பணியின் தனித்தன்மை எனலாம்.

எதிர்ப்பும் தாமதமும்

அவையில் எஸ். சத்தியமூர்த்தி இம்முயற்சியை எதிர்த்தார். அவைக்கு வெளியே தேவதாசியர் சங்கங்கள் அரசுக்கு மனு அளித்தன. எதிர்ப்புத் தெரிவித்தோருள் பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் சட்டத்தை ஆதரித்துப் பரப்புரை செய்தார். இதனால் இவ்விவாதத்தைச் சீர்திருத்தவாதிகளுக்கும் மரபுவாதிகளுக்கும் இடையிலான மோதலாக மட்டும் கருதவியலாது. சட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்படவிருந்த பெண்களிடையிலேயே கருத்து வேறுபாடு நிலவியது.

அர்ப்பணத்தையே தடை செய்யும் மசோதாவை 1930இல் முத்துலட்சுமி ரெட்டி முன்வைத்தார். அவ்வாண்டே காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகினார். தடைச்சட்டம் 1947இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் நிறைவேறியது. அச்சட்டம் கோயில் வளாகத்திலும் இறைவனின் ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் சட்டவிரோதமாக்கியது.

முடிவுரை

1929ஆம் ஆண்டுச் சட்டம் இனாம் நிலம் உடையோர்க்கே பயன் தந்தது; நிலமற்றோர்க்கு அதில் வழியில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஆடலைத் தடுத்ததே தவிர, அதனால் வாழ்ந்தோர்க்கு மாற்றுத் தொழில் எதையும் காட்டவில்லை. பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பிய சிறுமியர்க்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட சூழலில், 1930இல் அவர் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். ஆகவே, அவ்வில்லத்தை அவரது சட்டசபைப் பணியிலிருந்து பிரித்துப் பார்த்தல் பொருந்தாது. சட்டத்தால் விடுவிக்கப்பட்டவர் எங்கே செல்வார் என்னும் வினாவுக்கு, அவைக்கு வெளியே அவர் அளித்த விடையாகவே அது அமைந்தது.