மகதத்துக் கழுகுக் குன்றம்

ஐப்பசி பிறந்துவிட்டால் காசிமேட்டில் கடலின் முகம் மாறிவிடும். வாடை எழும், துறைமுகத்தில் படகுகள் நெருங்கி நின்று ஒன்றோடொன்று உராயும், செம்படவர்கள் வானத்தைப் பார்த்தபடி வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பார்கள். அதே ஐப்பசியில் வடநாட்டில் மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருக்கும். வடமொழிக் கவிகள் கொண்டாடும் சரத் காலம் அது. எனினும், தீபாவளி விடுமுறையில் நாம் கயைக்குப் பிரயாணமானதற்குப் பருவத்தின் அழகு மட்டும் காரணமன்று.

எதிர்வீட்டு அம்மாள் மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய கணவர் ஒரு புயல் நாளில் கடலில் மறைந்தார், உடல் கிடைக்கவில்லை. "வாத்தியாரய்யா, கொள்ளி வைக்கக்கூட ஒடம்பு இல்லாமப் போச்சு. கயாவுல ஒரு பிண்டம் வெச்சாத்தான் எம் மனசு ஆறும்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். ஆகவே, அவரையும் அவருடைய மூத்த மகனையும் அழைத்துக்கொண்டு நாமும் நம் மனைவியும் ரயிலேறினோம். இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழிந்தன.

கயையில் விஷ்ணு பாதக் கோயிலுக்குச் சென்றோம். இப்போதுள்ள ஆலயம் 1787இல் இந்தூர் அரசி அகல்யாபாய் எழுப்பியது. சீதையின் சாபத்தால் மணலுக்கடியில் ஓடுவதாகச் சொல்லப்படும் பல்குனி நதியில், 2022இல் கட்டிய ரப்பர் அணையின் பயனாக இப்போது நீர் நிற்கிறது. பிகார்ப் பெண்கள் சூரியனுக்கு அர்க்கியம் விடும் சட் விரதத்துக்காகப் படித்துறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அதனிடையே மகன் பிண்டமிட்டான். தாய் சற்றுத் தள்ளி நின்று, நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்; அழவில்லை.

நம் தமிழ் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் இதோடு மூட்டையைக் கட்டிவிடுகிறார்கள். புத்த கயையோ அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான்! உலகின் மறுகோடியிலிருந்து மக்கள் தேடி வரும் இடத்தை அருகிலிருந்தும் பாராமல் திரும்புவது என்ன நியாயம்? நாம் மறுநாள் காலை அங்கே சென்றோம்.

மகாபோதி ஆலயம் சுமார் 55 மீட்டர் உயரத்துக்கு ஓங்கி நிற்கிறது. அதன் மேற்குப் புறத்தில் அரசமரம். 1876இல் பழைய மரம் புயலில் சாய்ந்தபின், அதன் வழி வந்த கன்று வளர்ந்த மரம் இது. பிக்ஷுக்கள் மழைக்காலத்தை ஓரிடத்தில் கழித்து முடித்தபின் அவர்களுக்குச் சீவர ஆடை அளிக்கும் மாதம் இதுவேயாதலால், திபேத்தியரும் பர்மியரும் தாய்லாந்தினரும் திரண்டிருந்தனர். நம் எழும்பூர் கென்னட் சந்திலுள்ள மகாபோதி சங்கத்தில் தங்கி வடக்கே செல்லும் சிங்கள யாத்திரிகர்களை நேயர்கள் கண்டிருக்கலாம். அத்தகையோர் சிலரும் வெள்ளை உடையில் அமர்ந்திருந்தனர்.

"இங்க யாருக்கு என்ன வைக்கணும்?" என்று அம்மாள் கேட்டார். நாம் விடை தேடுவதற்குள், அருகிலிருந்த சிங்கள மூதாட்டி தம் தட்டிலிருந்து ஒரு தாமரையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவரும் மரத்தடியில் நெடுநேரம் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கிருந்து ராஜகிருகம் சென்றோம். ஐந்து மலைகள் சூழ்ந்த மகதத்தின் பழைய தலைநகர் அது. பீமன் ஜராசந்தனை மாய்த்த ஊராகப் பாரதம் படித்தோர் அறிவர். பகவான் புத்தர் பல காலம் தங்கி உபதேசித்த கிருத்திரகூடம் இங்கேதான் உள்ளது. அதைத் தமிழில் சொன்னால் கழுகுக் குன்றம். திருக்கழுக்குன்றம் கண்ட நமக்குப் பெயரே உறவாக ஒலிக்கிறது. அருகிலுள்ள ரத்னகிரியில், ஜப்பானியத் துறவி புஜியின் முயற்சியால் எழுந்து 1969இல் திறக்கப்பட்ட சாந்தி ஸ்தூபத்துக்குக் கம்பி வழியே நாற்காலிகள் ஏறி இறங்குகின்றன. அம்மாள் அதில் ஏற இணங்கவில்லை. "கடவுளைப் பாக்க ஊஞ்சல்ல போவாங்களா?" என்று சொல்லி நடக்கத் தொடங்கினார். நமக்கும் வேறு வழியில்லை.

குன்றுக்குச் செல்லும் வழி, புத்தரைக் காண பிம்பிசார மன்னன் அமைத்தது என்பர். இவ்வழியில் இரண்டு சிறு ஸ்தூபங்கள் இருந்ததைச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறித்திருக்கிறார். முதலாவது, அரசன் வாகனத்தை விட்டிறங்கிய இடம். மற்றது, உடன் வந்த பாமரக் கூட்டத்தை அவன் திருப்பியனுப்பிய இடம். இதை நாம் படியேறிக்கொண்டே விளக்கினோம். அம்மாள் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்ல வேளை, இப்ப யாரும் திருப்பல" என்று கூறிவிட்டு மேலே ஏறினார்.

உச்சியில் கழுகின் அலகு போன்ற பாறை. செங்கல் அடித்தளம் மட்டும் எஞ்சிய சிறு கோயில். கீழே பச்சைக் காடு. தாமரையை அங்கே வைத்த அம்மாள், "அவரு போன கடலு இங்கேருந்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தெற்கைக் காட்டினோம். அத்திசை நோக்கிக் கும்பிட்டார்.

திரும்பும் வழியில் நாலந்தாவின் செங்கல் இடிபாடுகளைக் கண்டோம். 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கலாசாலைக்கு ஒரு காலத்தில் தலைவராயிருந்தவர் நம் காஞ்சிபுரத்துத் தருமபாலர். அரசகுமாரியுடன் நடக்கவிருந்த மணத்தைத் துறந்து துறவியானவர் என்று யுவான் சுவாங் எழுதுகிறார். அவருடைய சீடர் சீலபத்திரரிடந்தான் 7ஆம் நூற்றாண்டில் அந்தச் சீனரே பாடம் கேட்டார்.

யுவான் சுவாங்கின் பெயரை நம் வகுப்புப் பிள்ளைகள் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். தருமபாலர் யாரென்று கேட்டால் விழிக்கிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று, இத்தனை ஆண்டு பாடம் சொல்லிய நாமும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்ததில்லை. கயைக்குச் செல்லும் தமிழன்பர்கள் பிதிர்க்கடன் முடித்தபின் இன்னும் இரண்டு நாள் தங்க வேண்டும். அங்கேயும் நமக்கு மூதாதையர் உண்டு.