நிறம், முடி, நஸப்: சோமாலியச் சமுதாயத்தில் அழகின் அளவுகோல்கள்

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் 'அர்ரூம்' அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் எடுத்துக் காட்டுகின்றான். அந்த அத்தாட்சியை ஏற்றத்தாழ்வாக மாற்றிக்கொண்டவன் மனிதன். ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்களாகவும், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோராகவும் உள்ள சோமாலியரிடையே இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிவது, அதே மத்ஹபைச் சார்ந்த தமிழக முஸ்லிம்களுக்கும் பயன் தரும்.

சோமாலிய மண்ணின் இஸ்லாமியத் தொன்மை பெரிது. 1331இல் ஸைலா, மொகதிஷு துறைமுகங்களைக் கண்ட இப்னு பதூதா, ஸைலாவாசிகள் கறுப்பு நிறத்தவர், ஷாஃபிஈகள் எனக் குறித்துள்ளார். நம் மதரஸாக்கள் நன்கறிந்த 'நஸ்புர் ராயா'வின் ஆசிரியர் ஜமாலுத்தீன் ஸைலயீ (மறைவு 1360) அவ்வூரின் பெயரையே தாங்கியவர்.

வெளியார் கண்ணுக்குச் சோமாலியர் யாவரும் கறுத்தவரே. அவர்களுக்குள்ளோ நிறத்திற்குப் படிகள் உண்டு. கறுப்பை 'மதோ' என்றும், பழுப்பை 'மாரீன்' என்றும், வெளிர்ந்த மேனியைச் சிவப்பு எனப் பொருள்படும் 'அஸ்' என்றும் வழங்குவர். வெளிர்நிறத்தைச் 'சிவப்பு' என்பது தமிழிலும் உள்ள வழக்கு. தொல் அரபியில் 'அஹ்மர்' என்னும் சொல்லும் இப்பொருளில் வந்துள்ளது. எனினும் பழைய சோமாலிய அழகுணர்வு நிறத்தோடு நின்றுவிடவில்லை. நெடிய உருவம், நீண்ட கழுத்து, அடர்ந்த கூந்தல் ஆகியனவும் போற்றப்பட்டன. 'கஸில்' எனும் இலைத்தூளால் முகமும் தலையும் கழுவுதல், மஞ்சள் பூசுதல், மருதாணி இடுதல், சுர்மா தீட்டுதல் ஆகியவை பெண்களின் ஒப்பனைகள். கஸில் இலந்தை இன மரத்தின் இலை. ஜனாஸாவைக் குளிப்பாட்ட நபி (ஸல்) அவர்கள் பயன்படுத்தச் சொன்ன 'ஸித்ர்' இலையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இவை மேனியைப் பேணுவன, மாற்றுவன அல்ல.

நிறத்தைவிட ஆழமான பிரிவினை முடியை வைத்து அமைந்தது. 19ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மொஸாம்பிக், மலாவி பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரை வயல்களில் உழைத்தோரின் வழித்தோன்றல்களும், அங்கு முன்பே வாழ்ந்த உழவர்களும் 'ஜரேர்', அதாவது கடுமுடியினர், எனப்படுகின்றனர். மற்றையோர் தம்மை மென்முடியினர் என்பர். தாரூத், இஸ்ஹாக் போன்ற பெருங்குலங்கள் தம் நஸபை அரபு நாட்டு ஷைகுமார்களுடன் இணைத்துக் கூறுவதால், முடியே நஸபின் சாட்சியாகிவிட்டது. தோல் வெளிர்ந்திருந்தாலும் ஜரேர் ஒருவர், அடிமை எனப் பொருள்படும் 'அதோன்' என்ற வசைக்குத் தப்புவதில்லை. 2000இல் ஜிபூத்தியின் ஆர்த்தாவில் கூடிய மாநாடு, நான்கு பெருங்குலங்களுக்கு ஒவ்வொரு பங்கும், ஜரேர் உள்ளிட்ட சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்து அரைப்பங்கும் என ஆட்சிப் பொறுப்பைப் பகிர்ந்தது. 2018இல் மொகதிஷுவில் ஜரேர் இளைஞர் ஒருவர் வேறு குலத்துப் பெண்ணை மணந்ததற்காக, அவருடைய உறவினர் ஒருவர் பெண் வீட்டாரால் எரித்துக் கொல்லப்பட்டார்.

இப்பழம் பிணியின் மீது புதியதொன்று சேர்ந்தது: வெளுப்பாக்கும் களிம்பு. இவற்றுள் பலவற்றில் கலந்துள்ள பாதரசம், தோலுக்கு நிறமூட்டும் மெலனின் உருவாவதைத் தடுக்கின்றது. தோல் வழியே உட்சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கின்றது. பூசியவரின் கையும் துண்டும் தொடும் குழந்தைக்கும் நஞ்சு சேர்கின்றது. சோமாலியர் பெருந்தொகையினராகக் குடியேறிய அமெரிக்காவின் மின்னஸோட்டாவில் ஆமிரா அதாவே என்னும் சோமாலியப் பெண்மணி நிறுவிய அமைப்பும் சூழலியல் அமைப்பொன்றும் இணைந்து போராடியதன் விளைவாக, 2019இல் அமேசான் நிறுவனம் இத்தகைய 15 பொருள்களை விற்பனையிலிருந்து நீக்கியது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகளும் 2025க்குள் பாதரசம் சேர்ந்த ஒப்பனைப் பொருள்கள் அனைத்தையும் ஒழிப்பதென 2023இல் முடிவு செய்தன.

ஆயினும் களிம்பைத் தடுப்பதால் மட்டும் பிணி தீராது. மகளுக்குக் களிம்பு வாங்கும் தாய் திருமணச் சந்தையின் கேள்விக்கே விடை தேடுகின்றாள். ஆகவே ஆலிம்கள் பேச வேண்டிய இடம் நிகாஹ். மணப்பொருத்தமாகிய 'கஃபாஅத்'தில் நஸபை எண்ணும் ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்களைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் அந்நூல்களே பெண்ணும் வலீயும் இசைந்து அதனை விட்டுக்கொடுத்தால் நிகாஹ் செல்லும் என்கின்றன. தோலின் நிறமோ முடியின் தன்மையோ நஸபுக்குச் சான்றாகா. குறைஷிக் குலத்து ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு, விடுதலை பெற்ற அடிமையின் மகனும் அபிசீனியத் தாயின் புதல்வருமான உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு அண்ணலார் ஆலோசனை கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்த அபூதர் (ரலி) அவர்களிடம் ஜாஹிலிய்யத்தின் எச்சம் இருப்பதாக நபிகளார் கண்டித்ததை புகாரீ பதிவு செய்துள்ளார்.

சோமாலிய மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தரீக்கா ஷைகுமார்கள் அமைத்த 'ஜமாஅத்' குடியிருப்புகள் தப்பிவந்த அடிமைகளுக்குப் புகலிடமாயின. குலம் கேட்காது அவர்களைத் திக்ரு மஜ்லிஸில் அமர்த்தின. அந்த மஜ்லிஸில் கிடைத்த இடம் மணப்பந்தலிலும் கிடைக்கும் நாளில்தான், நிறங்களின் வேறுபாடு மீண்டும் இறைவனின் அத்தாட்சியாக விளங்கும்.