"காசு குடுத்திருக்கோம்ல, இன்னும் ரெண்டு எடு": அன்லிமிடெட் சுஷியும் குழந்தைகளும்

போன மாதம் மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். என்ன வேணும்னு கேட்டதற்கு "சுஷி" என்றான். ஜப்பானிய கார்ட்டூன் பார்த்து வந்த ஆசை. எங்கள் நெமிலிச்சேரியில் இட்லி உண்டு, பிரியாணி உண்டு, பரோட்டா உண்டு. சுஷிக்கு மட்டும் ரயிலேற வேண்டும். அண்ணா நகர் பக்கம் ஒரு பஃபே உணவகத்தில் சுஷி கவுன்டரும் இருப்பதாகத் தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் நான், மனைவி, அம்மா, மகன், நான்கு வயது மகள் என்று ஐந்து பேரும் கிளம்பினோம்.

பெரியவர்களுக்குத் தலைக்கு ஆயிரத்துச் சொச்சம், மகனுக்குப் பாதி, மகளுக்கு இலவசம். உட்கார்ந்ததுமே மனசுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. மகன் வெள்ளரிக்காய் ரோல் நாலு, பொரித்த இறால் வைத்த ரோல் நாலு சாப்பிட்டுவிட்டு "போதும்பா" என்றான். "அதுக்குள்ளயா? காசு குடுத்திருக்கோம்ல, இன்னும் ரெண்டு எடு" என்றேன். எடுத்தான். பிறகு நூடுல்ஸ், பிறகு கேக், ஐஸ்கிரீம். மகளோ ரெண்டு இறாலும் கொஞ்சம் வெறும் சோறும் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அம்மா ஊட்டிப் பார்த்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அண்ணனூர் தாண்டியதும் மகன் ரயிலிலேயே வாந்தி எடுத்தான். மகள் என் மடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். உணவில் எந்தக் குறையும் இல்லை, நாங்கள் எல்லோரும் அதையேதான் சாப்பிட்டோம். குறை "இன்னும் ரெண்டு எடு" என்று நான் சொன்னதில்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அதன் குறிப்புகள் இவை.

கொடுத்த காசு எப்படியும் திரும்பி வராது

கணக்குப்படி பார்த்தால் என் வாக்கியமே தப்பு. பணம் கொடுப்பது முடிவான விஷயம். பையன் எட்டு ரோல் சாப்பிட்டாலும் பதினாறு சாப்பிட்டாலும் பில் மாறாது. இனிமேல் சாப்பிடுவது அவனுக்குச் சந்தோஷமா கஷ்டமா என்பது மட்டும்தான் கேள்வி. பொருளாதாரத்தில் இதை மூழ்கிய செலவு என்பார்கள். என் வேலையிலும் இதைத் தினம் பார்க்கிறேன். "ரெண்டு வருஷம் எழுதின கோடு, எப்படித் தூக்கிப் போடறது?" என்று உதவாத புராஜெக்டை இழுத்துக்கொண்டே போவோம்.

1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் இதைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்த 60 பேரில் சிலருக்கு முழு விலை 15 டாலர், சிலருக்கு 13, சிலருக்கு 8. யாருக்கு எந்த விலை என்பது குலுக்கல் மாதிரி. சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்தது. என் மகன் விஷயத்தில் காசு என்னுடையது, வயிறு அவனுடையது. அதுதான் இதில் மோசமான பகுதி.

பாயசத்துக்குத் தனி வயிறு

சரி, ரோல் போதும் என்றவன் கேக்கை எப்படிச் சாப்பிட்டான்? ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவை மட்டும் சலித்துவிடும், புதுச் சுவை வந்தால் மறுபடி ஆசை வரும். பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை சாண்ட்விச் கிடைத்தவர்களைவிட நான்கு வகை கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விருந்தில் வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பது இதனால்தான். ஜப்பானியர்கள் இனிப்பைப் பற்றி இதையே 'பெட்சுபரா', அதாவது 'வேறு வயிறு' என்கிறார்கள். ஐம்பது வகை வைத்த பஃபேயில் ஐம்பது வயிறு!

1958-இல் பிறந்த இரண்டு முறைகள்

சுஷி நாட்டிலேயே ஒரு சுவாரசியமான ஒப்பீடு கிடைத்தது. 1958-இல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல், ஸ்காண்டிநேவிய விருந்து முறையைப் பார்த்து 'இம்பீரியல் வைக்கிங்' என்ற பஃபேயைத் தொடங்கியது. இன்றும் ஜப்பானில் பஃபேக்கு 'பைக்கிங்கு' என்றே பெயர். அதே 1958-இல் யோஷியாக்கி ஷிராய்ஷி என்பவர் ஒசாகா பக்கத்தில் சுழலும் பெல்ட்டில் சுஷி தட்டுகள் வரும் கடையைத் திறந்தார். பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து வந்த யோசனை அது.

பெல்ட் கடையில் தட்டுக் கணக்கில்தான் பில். சாப்பிட்ட காலித் தட்டுகள் கண்ணெதிரே அடுக்காக உயரும். ஒவ்வொரு தட்டையும் எடுக்கும்போது ஒரு முடிவு எடுக்கிறோம். பஃபேயில் அந்த முடிவே கிடையாது. காலித் தட்டை உடனே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், எவ்வளவு தின்றோம் என்பதற்குத் தடயமே இல்லை.

இதைப் படித்தபோது நம்மூர் ஓட்டல் ஞாபகம் வந்தது. அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு போர்டு இருக்கும். முழுச் சாப்பாடும் அன்லிமிடெட்தான். ஆனால் அதில் வரிசை உண்டு. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கடைசியில் மோர். மோர் வந்துவிட்டால் சாப்பாடு முடிகிறது என்று வயிற்றுக்கும் தெரியும். போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டுகிறோம், எழுந்திருக்கும்போது இலையை மடிக்கிறோம். நிறுத்துவதற்கான சைகை அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. பஃபேயில் ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை.

நான்கு வயதுக்குத் தெரிந்தது

என்னை நிஜமாகவே உறுத்தியது அடுத்த ஆய்வு. பார்பரா ரோல்ஸ், லீன் பர்ச் முதலானோர் 2000-இல் வெளியிட்டது. மூன்று வயது, ஐந்து வயதுக் குழந்தைகளுக்குச் சீஸ் போட்ட மக்ரோனியைச் சின்ன அளவு, நடு அளவு, பெரிய அளவு என்று வெவ்வேறு நாட்களில் வைத்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் எவ்வளவு வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் அதிகம் வைத்தால் அதிகம் சாப்பிட்டார்கள். இடைப்பட்ட இரண்டு வருடத்தில் வயிறு சொல்வதைவிடத் தட்டு சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள் போல.

யார் கற்றுக்கொடுப்பது? பர்ச் குழுவின் 1987 ஆய்வில் அதற்கும் ஒரு துப்பு இருக்கிறது. ஒரு குழுக் குழந்தைகளிடம் பசி, வயிறு நிறைந்த உணர்வு பற்றிப் பேசினார்கள். இன்னொரு குழுவிடம் தட்டில் மிச்சம் எவ்வளவு என்று காட்டி, காலி செய்தால் பரிசு கொடுத்தார்கள். முதல் குழு, முன்பு சாப்பிட்டது கனமான உணவென்றால் அடுத்ததைக் குறைத்துக்கொண்டது. இரண்டாவது குழுவால் அது முடியவில்லை.

அதற்காகக் குழந்தை கேட்டதெல்லாம் சரி என்றும் இல்லை. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் தொடங்கிய பரிசோதனையில், 15 குழந்தைகள் 34 வகை உணவிலிருந்து தாங்களே தேர்ந்தெடுத்துச் சாப்பிட்டு நன்றாகவே வளர்ந்தார்கள். நர்ஸ் எதையும் நீட்டக்கூடாது, குழந்தை கை காட்டினால்தான் ஸ்பூனை நகர்த்தலாம். ஆனால் அந்த 34-இல் சர்க்கரை கிடையாது, எல்லாமே எளிய உணவு. சூட்சுமம் அந்தப் பட்டியலில்தான் என்று டேவிஸே எழுதினார். எதை வைப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று நான் புரிந்துகொண்டேன்.

அம்மா சொன்னதும் தப்பில்லை

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அம்மா, "சோத்த வீணாக்கச் சொல்றியா?" என்றார். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்று எங்களை வளர்த்தவர். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேண்டாத சோறு வயிற்றுக்குள் போனாலும் வீண்தான். வீணாக்காமல் இருக்க வழி, எடுக்கும்போதே கம்மியாக எடுப்பது.

அடுத்த முறைக்கு நாங்கள் போட்டுக்கொண்ட விதிகள்: ஒரு தடவைக்கு ரெண்டு துண்டுதான், வேணும்னா மறுபடி போகலாம். சின்னவளுக்குப் பச்சை மீன் கிடையாது. வெள்ளரிக்காய், முட்டை, வெந்த இறால் போதும். வசாபி அவள் தட்டுப் பக்கமே வரக்கூடாது. கடைசியாகப் பழம், அதுதான் எங்கள் மோர். "காசு குடுத்திருக்கோம்" என்ற வாக்கியத்துக்குத் தடை, முக்கியமாக எனக்கு.

நேற்றுக் காலை மகள் ஒன்றரை இட்லியோடு தட்டைத் தள்ளினாள். அம்மா பழக்கத்தில் ஒரு விள்ளலை எடுத்து அவள் வாய் வரைக்கும் கொண்டுபோனார். பிறகு நிறுத்திக்கொண்டு, "சரி, பசிச்சா கேளு கண்ணு" என்று அந்த அரை இட்லியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். பதினோரு மணிக்கு அவளே வந்து கேட்டாள்.