நாற்பது வயதில் 9.93 விநாடி

ஜெர்மனியின் ரூர் பகுதியில் போட்ராப் என்றொரு ஊர். நிலக்கரிக்குப் பேர்போனது. அந்த நாட்டில் பூமிக்கடியில் நிலக்கரி வெட்டிய கடைசிச் சுரங்கம் 2018-ல் மூடப்பட்டதும் இங்கேதான். 2016 மே 29 அன்று இந்த ஊரில் நடந்த தடகளப் போட்டியில் கிம் காலின்ஸ் 100 மீட்டரை 9.93 விநாடியில் ஓடி முடித்தார். அதற்கு முந்தைய மாதம்தான் அவருக்கு 40 வயது நிறைந்திருந்தது. நாற்பதைத் தொட்ட ஒருவர் நூறு மீட்டரைப் பத்து விநாடிக்குள் கடந்தது அதுவே முதல் தடவை. அவருடைய வாழ்நாளின் மிகக் குறைந்த நேரமும் அதுதான்.

காலின்ஸின் நாடு செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ். கரீபியன் கடலில் இரண்டு சிறு தீவுகள். மொத்த மக்கள்தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு செயின்ட் கிட்ஸ் தீவு பரிச்சயம். 2007 உலகக் கோப்பையில் ஹெர்ஷல் கிப்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தது இங்குள்ள வார்னர் பார்க் மைதானத்தில்தான். அந்தத் தீவிலிருந்து கிளம்பிய காலின்ஸ் 1996 அட்லாண்டாவில் தன் முதல் ஒலிம்பிக்கில் ஓடினார். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 9.98 விநாடியில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு பாரிஸில் உலக சாம்பியன் ஆனார்.

பாரிஸ் இறுதி ஓட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். காலின்ஸுக்குக் கிடைத்தது முதலாவது லேன்; வேகமான வீரர்களை நடு லேன்களில் நிறுத்துவதுதான் வழக்கம் என்பதால், அவரை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம். பலகையில் விழுந்த நேரம் 10.07. அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே 10.08-ல் கோட்டைத் தொட்டது. அந்த இடத்தில் ஓட்டக்காரரின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர். நூறில் ஒரு பங்கு விநாடி என்றால் அரைச் சாண் தூரம். உலக சாம்பியன் பட்டத்தை அந்த அரைச் சாண் முடிவு செய்தது.

2009-ல் ஓய்வு என்று அறிவித்தவர், 2011-ல் திரும்பி வந்தார். அந்த ஆண்டு தென் கொரியாவின் தேகுவில் நடந்த உலகப் போட்டியில், உசைன் போல்ட் தவறான தொடக்கத்தால் வெளியேற்றப்பட்ட அதே இறுதி ஓட்டத்தில், 35 வயது காலின்ஸ் வெண்கலம் வாங்கினார். நேரம் 10.09. அதே போட்டியின் 4x100 தொடர் ஓட்டத்திலும் அவருடைய குட்டி நாட்டுக்கு வெண்கலம் கிடைத்தது.

இனி போட்ராப் ஓட்டத்துக்கு வருவோம். ‘வயதை வென்ற மனிதர்’ என்று தலைப்பு வைக்கத்தான் யாருக்கும் தோன்றும். நேரத்தோடு காற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். நூறு மீட்டர் ஓட்டத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டர் வரை இருந்தால் நேரம் செல்லும். அதைத் தாண்டினால் சாதனைப் பட்டியலில் ஏறாது. அந்த 2 மீட்டர் காற்று ஓட்டக்காரருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு விநாடியை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. போட்ராப்பில் அன்று அடித்த காற்று 1.9. அதைக் கழித்தால் காலின்ஸின் 9.93 சுமார் 10.02 ஆகிறது. மான்செஸ்டரில் அவர் 9.98 ஓடியபோது காற்று ஏறக்குறைய இல்லை. தேகுவிலோ முகத்தில் அடித்த எதிர்க்காற்று 1.4. அதைச் சரிக்கட்டினால் 10.09 என்பது 10.00-ஐ ஒட்டி வந்துவிடும்.

ஆக, காற்றில்லாத கணக்கில் 26 வயதில் 9.99, 35 வயதில் 10.00, 40 வயதில் 10.02. நாற்பதில் அவர் வேகம் கூடவில்லை. பதினான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய எதையும் இழக்கவில்லை. எனக்கு இந்தத் தட்டையான கோடுதான் 9.93-ஐவிடப் பெரிய சாதனையாகத் தெரிகிறது. ஒரு நாள் நல்ல காற்று யாருக்கும் வாய்க்கலாம். பதினான்கு ஆண்டுகள் உடம்பை அதே இடத்தில் பிடித்து வைப்பது காற்றின் கையில் இல்லை.

வயது ஏறும்போது வேகம் எங்கே கசிகிறது? கால்களை வேகமாக வீசுவதில் என்று நினைப்போம். அளந்து பார்த்தவர்கள் வேறு பதில் சொல்கிறார்கள். உச்ச வேகத்தில் ஓடும்போது, முதல்தர வீரரும் சாதாரண ஆளும் காற்றில் காலை முன்னால் கொண்டுவர எடுக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தரையில் இருக்கிறது. முதல்தர வீரரின் பாதம் தரையில் நிற்பது பத்தில் ஒரு பங்கு விநாடிகூட இல்லை. அந்த இமைப்பொழுதுக்குள், சராசரியாகத் தன் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசையோடு அவர் தரையை மிதிக்கிறார். ஃபின்லாந்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட போட்டி ஓட்டக்காரர்களை ஆராய்ந்தபோதும் இதுவே தெரிந்தது: பத்தாண்டுக்கு 5, 6 சதவீதம் வேகம் குறைகிறது; ஓர் எட்டின் நீளம் சுருங்குகிறது, பாதம் தரையில் நிற்கும் நேரம் நீள்கிறது; விநாடிக்கு எத்தனை எட்டு என்பது மட்டும் அவ்வளவாக மாறுவதில்லை.

நூறு மீட்டருக்கு ஒரு வீரர் ஏறத்தாழ 45 எட்டுகள் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒவ்வொரு எட்டிலும் பாதம் ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடி கூடுதலாகத் தரையில் நின்றால்கூட, முடிவில் 0.22 விநாடி ஏறிவிடும். இறுதிச் சுற்றுக்கும் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போவதற்கும் உள்ள தூரம் அது.

இதற்குக் காரணம் தசைக்குள் இருக்கிறது. நம் தசைகளில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் நார்களும் உண்டு, வெடுக்கென்று சுருங்கிச் சீக்கிரம் களைத்துப்போகும் நார்களும் உண்டு. குறுந்தூர ஓட்டக்காரரின் சொத்து இரண்டாவது வகை. வயதாகும்போது முதலில் மெலிவது அந்த வேக நார்கள்தான். அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு செல்களும் காலப்போக்கில் குறைகின்றன. அப்படி அநாதையாகும் நார்களில் சிலவற்றைப் பக்கத்திலுள்ள மெதுநார்களின் நரம்பு கிளை விட்டுத் தத்தெடுத்துக்கொள்கிறது. நார் பிழைத்துவிடும், ஆனால் அதன் சுபாவம் மெல்ல மாறிவிடும். குதிகாலுக்கு மேலிருக்கும் தசைநாண் விறைப்பாக இருந்தால்தான் தரையில் மிதித்த விசை வீணாகாமல் திரும்பும். வயது அந்த விறைப்பையும் தளர்த்துகிறது.

காலின்ஸ் இந்த இழப்பிலிருந்து தப்பியிருக்க முடியாது. அப்படியானால் எதைக் கொண்டு ஈடுகட்டினார்? உள்ளரங்கில் ஓடும் 60 மீட்டரில் அதற்குத் துப்பு இருக்கிறது. கூரைக்கடியில் ஓடுவதால் காற்றின் பேச்சே அங்கே இல்லை. 2003 உலக உள்ளரங்குப் போட்டியில், அவர் உச்சத்தில் இருந்த காலத்தில், 6.53 விநாடியில் வெள்ளி வென்றார். 2015-ல் போலந்தின் வூட்ஜ் நகரில், 38 வயதில், 6.47 ஓடினார். அறுபது மீட்டர் என்பது பெரும்பாலும் புறப்பாடும் முடுக்கமும்தான். கட்டையிலிருந்து எந்தக் கோணத்தில் எழுவது, முதல் பத்து எட்டுகளில் தரையை எப்படிப் பின்னால் தள்ளுவது, எப்போது நிமிர்வது என்பதெல்லாம் தேர்ச்சியில் வருவது. தேர்ச்சி வயதோடு சேர்ந்து வளரக்கூடியது. முதல் அறுபதில் சம்பாதித்ததை, உச்ச வேகத்தைத் தக்கவைக்க வேண்டிய கடைசி நாற்பதில் அவர் செலவழித்தார் என்பது என் வாசிப்பு. கூட்டிக் கழித்தால் அந்தத் தட்டையான கோடு வருகிறது.

உடலமைப்பும் உதவியிருக்கும். பாளம் பாளமாகத் தசை வளர்த்த போட்டியாளர்கள் நடுவே காலின்ஸ் எப்போதும் ஒல்லி. சுமக்கும் எடை குறைவு என்றால், ஒவ்வொரு மிதியிலும் தொடையின் பின்தசை வாங்கும் அடியும் குறைவு. முப்பதைத் தாண்டிய வேக ஓட்டக்காரர்கள் பலரை வீட்டுக்கு அனுப்புவது அந்தப் பின்தசைக் காயம்தான். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முப்பது கடந்ததும் ஷூ கம்பெனிகளின் ஒப்பந்தம் சுருங்கும், போட்டி அழைப்புகள் குறையும். உடம்பு நிறுத்துவதற்கு முன்பே வருமானம் நிறுத்திவிடுகிறது. அப்படி விலகியவர்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, ‘முப்பதோடு வேகம் தீர்ந்துவிடும்’ என்று முடிவு கட்டுவது சரியல்ல.

சரிவே வராதா என்றால், வரும். ஜமைக்காவில் பிறந்து பின்னாளில் ஸ்லோவேனியாவுக்காக ஓடிய மெர்லின் ஓட்டியின் நேரங்களில் அது பளிச்சென்று தெரிகிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் 100 மீட்டரில் 36 வயது ஓட்டியும் தங்கம் வென்ற கெய்ல் டீவர்ஸும் பதிவு செய்தது ஒரே நேரம், 10.94. அதே ஆண்டு செப்டம்பரில் ஓட்டி தன் வாழ்நாள் சிறந்த நேரமான 10.74-ஐ ஓடினார். நாற்பதில் 10.99. நாற்பத்தாறில் 11.34. ஐம்பதில் 11.67. முப்பத்தாறு வரை ஏறிக்கொண்டிருந்த வேகம், பிறகு பத்தாண்டுக்கு 6 சதவீதம் வீதம், ஃபின்லாந்து ஆய்வு சொன்ன அதே கணக்கில் இறங்கியிருக்கிறது. தள்ளிப்போட முடிந்த சரிவு, தொடங்கிய பிறகு எல்லோருக்கும் போலவே அவருக்கும் இறங்கியது. ஆனாலும் 52 வயதில், 2012 ஹெல்சிங்கி ஐரோப்பியப் போட்டியில், ஸ்லோவேனியாவின் தொடர் ஓட்ட அணியில் அவர் இருந்தார்.

காலின்ஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை வந்தார். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டார். நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் அவர் விட்டுச்சென்ற 9.93 அதற்கு முன்பிருந்த சாதனையை மூன்றில் ஒரு பங்கு விநாடிக்கும் மேல் பின்தள்ளியது.